சகலையின் லாரியும் என் ஷெட்டிலிருந்த சாக்கு மூட்டையும்

என் சகலை கலியமூர்த்தியின் லாரி மாதக்கணக்கில் நகராமல் நின்றதற்கு நான்தான் காரணம். அதற்கு வேண்டியிருந்த ஒரே ஒரு சாமான் என் வீட்டு ஷெட்டில், எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பத்திரமாக இருந்தது. கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன்.

சென்ற வாரம் நான் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் பேசினார். "உங்க மாதிரி கள்ளமில்லாத மனுசங்க இப்ப எங்க சார் இருக்காங்க" என்றார். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

உறுமியது, நகரவில்லை

கலியமூர்த்தியின் வீடு கீழப்பழுவூருக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளம் காயவைக்கும் சிமெண்டுக் களம். தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. களத்தின் நடுவில் அந்த லாரி நின்றது. முன்னால் மூக்கு நீட்டிய, பெட்ரோலில் ஓடுகிற, என் பள்ளிக்கூட நாட்களின் லாரி. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கு மூக்கைச் சொன்னாலே போதும்.

சுற்றி எங்கள் கூட்டம். பழைய வண்டி என்றால் பைத்தியமாக அலைகிற, பெரம்பலூர் அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் லப்பைக்குடிக்காடு ஜாகிர் பாய். சவுதியில் பல வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். இன்னொருவர் வரதராஜன்பேட்டை ஸ்டெல்லா. கணவர் இறந்ததும் அவருடைய வெல்டிங் பட்டறையை மூடிவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தபோது, பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துப் பெரிதாக்கியவர்.

கலியமூர்த்தி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். லாரி இருமியது, கறுப்பாக எதையோ துப்பியது, பிறகு உறுமிப் பிடித்துக்கொண்டது. களத்திலிருந்த கோழிகள் வேலி தாண்டி ஓடின. ஜாகிர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டமே போட்டார்.

கலியமூர்த்தி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். பின்னால் ஒரு 'கடக்'. இஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை.

பின் அச்சைத் திறந்தால், கிரவுன் பினியன் பல் கொட்டிக் கிடந்தது. இஞ்சினின் ஓட்டத்தைத் திருப்பிப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கிற ஒரு ஜோடிப் பல்சக்கரம் அது. ஒன்று தாம்பாளம் அளவு, மற்றது ஒரு கைப்பிடி. இரண்டையும் ஒன்றோடொன்று பழக்கி ஜோடியாகவே செய்வார்கள். வேறு வண்டியுடையது இதற்கு உதவாது.

ஜாகிர் பாய் அச்சுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "சார், உங்ககிட்ட ஒரு செட்டு இருந்திச்சே, புத்தம் புதுசு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது என் லாரியோடயே பழைய இரும்புக்குப் போயிருச்சு பாய்" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அதனால என்ன சகல, தேடுவோம்" என்றார் கலியமூர்த்தி. "மொதல்ல சாப்புட வாங்க. கறி ஆறுது." என் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

களத்தின் ஓரத்தில் அவருடைய அம்மா அஞ்சலையம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். லாரியில் ஏறுவதற்காகவே கட்டிய சேலை அது. எங்களைப் பார்த்து, "என்னடா, இன்னிக்கி இல்லியா?" என்று கேட்டார்.

"இன்னிக்கி இல்லம்மா."

"சரி, சேலைய மடிச்சு வைக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

பின்னால் கல், முன்னால் சீட்டு

இந்த லாரி கலியமூர்த்திக்கு ஏன் அத்தனை முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்காது.

அஞ்சலையம்மா இளம் வயதில் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்தவர். உடைத்த கல்லைக் கூடையில் அள்ளி இதே லாரியில்தான் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் கூலிப் பெண்கள் அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்து அரியலூர் ரயில்வே கூட்ஸ் ஷெட் வரை போய், அங்கே இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டு மேஸ்திரிக்கு. மேஸ்திரி வராத நாளில் அது காலியாக வரும். அப்போதும் பெண்கள் கல்லின் மேல்தான். அந்தக் கல்லில் சில சமயம் சிப்பி உருவங்கள் இருக்கும், ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அதைப் பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பார் என்று கலியமூர்த்தி சொல்லியிருக்கிறார்.

குவாரிக்காரர் குடும்பத்துத் தோப்பில், சீமைக்கருவேல முள் சேசிஸுக்குள் புகுந்து வளர்ந்து நிற்க, அந்த லாரி கிடப்பதைக் கலியமூர்த்தி தற்செயலாகப் பார்த்தார். நெற்றியில் பாதி அழிந்த பெயரை வைத்து அடையாளம் கண்டார். பேசி வாங்கிவந்து அம்மாவிடம் காட்டினார்.

அஞ்சலையம்மா லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முன்னாடி எப்புடிடா இருக்கும், குலுங்குமா?" என்று கேட்டாராம்.

அவ்வளவுதான். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் குவாரியிலிருந்து கூட்ஸ் ஷெட் வரை ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

இரண்டு மாப்பிள்ளைகள்

என் பொறாமைக்கு வயது லாரியைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அந்த வீட்டின் மூத்த பெண் சரோஜாவை நான் கட்டினேன். நாலைந்து வருடம் நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. தீபாவளிக்குப் போனால் மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் நின்று பேசுவார். நான் அணு, மின்சாரம் என்று ஏதாவது சொல்வேன், வீடே வாய் மூடிக் கேட்கும். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பிறகு இளையவள் வளர்மதியைக் கட்டிக்கொண்டு கலியமூர்த்தி வந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, போர்வெல் வண்டியில் வேலை பார்த்து, சொந்தமாக வண்டி போட்டவர். முதல் தீபாவளிக்கே நேராக அடுப்படிக்குப் போய், "அத்த, இந்த வடையில ஓட்டைய யாரு தின்னுட்டா?" என்று கேட்டார். என் மாமியார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அவர் என்னிடம் ஒரு குறையும் வைத்ததில்லை. "சகல, நீங்க உக்காருங்க", "சகல, உங்களுக்குக் காரம் ஆவாது" என்று தாங்குவார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

என்னுடைய லாரி

இந்தப் பழைய வண்டிக் கிறுக்கு முதலில் எனக்குத்தான் வந்தது. கலியமூர்த்திக்கு இல்லை. ஓய்வு பெற்ற கையோடு அதே ரக லாரி ஒன்றைப் பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தினேன். கூட்டத்தைச் சேர்த்ததும் நான். எங்கள் வாட்ஸப் குரூப்பின் முகப்பில் அப்போது என் லாரியின் படம்தான் இருந்தது.

ஆனால் என் லாரியைத் தொட யாரையும் விடவில்லை. ஜாகிர் பாய் ஒரு நாள் ஸ்பேனரோடு வந்தார். "இருங்க பாய், இன்னும் படிச்சு முடிக்கல" என்றேன். புத்தகம் படித்தேன், படம் போட்டேன், கணக்குப் போட்டேன். இடையில் எங்கோ ஏலத்தில் ஒரு புதுக் கிரவுன் பினியன் கிடைக்க, என்றாவது உதவும் என்று வாங்கி வைத்தேன். கடைசியில், நானே தனியாக இறுக்கிய ஒரு போல்ட்டில் இஞ்சின் பிளாக் விரிசல் விட்டது. யாரிடமும் சொல்லாமல் லாரியை எடைக்குப் போட்டேன். கிரவுன் பினியனைப் போட மட்டும் மனம் வரவில்லை.

கலியமூர்த்தி எதையும் படிக்கவில்லை. எல்லாரையும் கேட்டார். "பாய், இது எதுக்கு?" "ஸ்டெல்லாக்கா, இதப் பத்த வச்சுத் தருவீங்களா?" என்னையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவர் களத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். நானும் போனேன். சாலையில் திரும்பும்போதே அவர்கள் சிரிப்பது கேட்கும். உடனே நடையை மெதுவாக்கிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் குரூப் முகப்பில் அவர் லாரி இருந்தது. மாற்றியது யாரென்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் அந்த 'கடக்' சத்தம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் என் காதுக்கு இனிமையாக இருந்தது.

தேடப் போனவர்களோடு

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. தேடப் போனவர்களோடு நானும் போனேன்.

திருச்சி, சேலம், கோயம்புத்தூர் என்று பழைய உதிரிச் சாமான் கடை கடையாக ஏறி இறங்கினோம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைக்காரர் எடுத்து வைப்பதையெல்லாம் திருப்பிப் பார்த்து, "இது இல்ல" என்று சொல்வேன். உண்மையான பினியனைத் தொட்டுப் பழகியவனாயிற்றே, எனக்கு நன்றாகத் தெரியும்.

திருச்சியில் ஒரு கடை வாசலில் கலியமூர்த்தி எனக்கு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டார். "சகல, கால் வலிக்கிதா? எங்களுக்காக நீங்க வேற அலையிறீங்க." டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன்.

அலைச்சலில் சோர்ந்து போகும்போதெல்லாம் ஜாகிர் பாய் ஒரு சட்டத்தைச் சொல்லி உற்சாகப்படுத்துவார். கடைசிச் சாமானை யார் கொண்டுவருகிறார்களோ அவர்கள்தான் வண்டியின் முதல் ஓட்டத்தை ஓட்ட வேண்டும். எங்கள் கூட்டம் உயிர் கொடுத்த எல்லா வண்டிக்கும் அதுதான் வழக்கம். "யாரு நசீப்புல எழுதியிருக்கோ பாப்பம்" என்பார்.

தை போய், மாசி பங்குனி போய், வெயிலும் வந்தது. ஆடி மாதத் தூறலில் அடிபம்புக்குப் பக்கத்தில் அஞ்சலையம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரோஜா சொன்னாள், "தகடு வச்சுருக்காங்களாம். வாக்கர் புடிச்சு நடக்கலாம், உசரமா ஏறக்கூடாதாம். அந்தம்மா அதப் பத்திக் கவலையே படல. லாரி என்னாச்சு, லாரி என்னாச்சுன்னே கேக்குது."

நான் ஷெட்டுக்குப் போனேன். சாக்கைப் பிரித்தேன். பளபளவென்று ஒரு பல்லும் தேயாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஓட்டம்

கொண்டு போய்க் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். "கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், கெடச்சிருச்சு" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"மாஷா அல்லா!" ஜாகிர் பாய் என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். "சார்னா சார்தான்யா!"

இரண்டு ஞாயிறுகளில் பூட்டி முடித்தார்கள். ஓட்டுகிற நாளில் நான் ஒதுங்கித்தான் நின்றேன். ஆனால் சட்டம் இருந்ததே. கலியமூர்த்தி தன் கையால் டிரைவர் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க சகல. உங்க வண்டி இது."

என் ஆயுளில் நான் ஆசைப்பட்டது அந்த ஸ்டியரிங்கைத்தான். ஏறினேன். லாரி நகர்ந்தது. களத்தைச் சுற்றி வரும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கலியமூர்த்தி, அந்த வயதில், கை தட்டிக்கொண்டே லாரியின் பின்னால் ஓடி வந்தார். என்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு வேறு யாரும் வந்ததில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அஞ்சலையம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"வாத்தியாரு தம்பியா? நல்லா இருக்குய்யா. தையிலயே கெடச்சிருந்தா நானே ஒரு தாவுல ஏறியிருப்பேன்."

கலியமூர்த்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "இப்ப என்னம்மா, நானும் பாயும் தூக்கி வைக்கிறோம்."

"தூக்கி வைக்கறதுக்கு நான் என்ன கல்லா? போடா."

மகன் கெஞ்சினார். அவர் மசியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசிச் சொம்பு

மாலையில் மற்றவர்கள் போன பிறகு, தொட்டிக்குப் பக்கத்தில் நான் சோப்புத் தூள் போட்டுக் கை கழுவினேன். கலியமூர்த்தி சொம்பில் மொண்டு ஊற்றினார்.

"அது கோயம்புத்தூர்ல வாங்குனது இல்ல" என்றேன். "என் ஷெட்டுலதான் இருந்துச்சு. நீங்கள்லாம் மொதல்ல கேட்டப்பவே இருந்துச்சு."

அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. சொம்பு காலியாகும் வரை ஊற்றினார். பிறகு அதைத் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் சார்?" என்றார்.

முப்பது நாற்பது வருடமாக என்னைச் சகல என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"பொறாமை" என்றேன். வேறு சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"எதுக்குங்க? நீங்க படிச்சவரு. எங்கிட்ட என்ன இருக்குன்னு?"

"உங்ககிட்ட எல்லாரும் இருக்காங்க."

அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். "இருட்டுதுங்க சார், பாத்துப் போங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்கு பஸ் நிறுத்தம் வரை நடக்கத் தெம்பு இருந்திருக்கும்.

ஒரு செங்கல் உயரம்

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஜாகிர் பாய் முகம் கறுத்துவிட்டது. "தவ்பா பண்ணுங்க சார், அல்லா மன்னிப்பான். நான் அல்லா இல்ல. கொஞ்ச நாளைக்கி உங்க மூஞ்சிய எனக்குக் காட்டாதீங்க."

நான் ஸ்டெல்லாவிடம் போய், அஞ்சலையம்மா தானே நடந்து ஏறுகிற மாதிரி லாரிக்குப் படி செய்ய வேண்டும், இரும்பு வாங்கித் தருகிறேன், வெல்டிங் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

"செஞ்சு தரேன். உங்களுக்காக இல்ல" என்றார் ஸ்டெல்லா.

வழக்கம்போல நானே உட்கார்ந்து படம் போட்டேன். ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவால காலை எவ்வளவு தூக்க முடியும்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் நான் கேட்கவில்லை.

போய்க் கேட்டேன். அஞ்சலையம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினார். ஒரு செங்கல் உயரம் வந்தது. "இதுக்கு மேல வராது தம்பி. எத்தினி படி வேணாலும் வையி, ஏறுறேன். கல்லு தூக்கிட்டே ஏறுனவ."

டாக்டரிடமும் போய்க் கேட்டார்கள். நிதானமாக, இரண்டு பக்கமும் பிடிமானம் இருந்தால் ஏறலாம் என்றார். ஒவ்வொரு படியும் ஒரு செங்கல் உயரம். இரண்டு பக்கமும் கைப்பிடி. நீளமாக, கோயில் குளத்துப் படி மாதிரி ஒரு சாய்வு. மடக்கி இழுத்துப் போக அடியில் சக்கரம். அஞ்சலையம்மா பழகட்டும் என்று முதலில் வீட்டு வாசலிலேயே வைத்தோம். நான் வாரத்தில் இரண்டு நாள் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பக்கத்தில் நிற்பேன். கலியமூர்த்தி அப்போது வயலில் இருப்பார், அல்லது இருப்பதாக வளர்மதி சொல்வாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் லாரியைக் குவாரி மேட்டுக்குக் கொண்டு போனார்கள். படியை இழுத்துப் போய் முன் கதவுக்கு நேராக நான்தான் வைத்தேன். அஞ்சலையம்மா அந்தத் தைமாதத்துச் சேலையைக் கட்டியிருந்தார். ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். யாரும் தொடவில்லை. கடைசிப் படியில் திரும்பி, சீட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டார்.

"கண்ணாடியத் தொடைடா" என்றார் மகனைப் பார்த்து. "ஒண்ணும் தெரியல."

கலியமூர்த்தி துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். ஜாகிர் பாயும் ஸ்டெல்லாவும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினார்கள். அங்கே இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்தது. யாரும் என்னை வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் படியை மடக்கி ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

இஞ்சின் பிடித்துக்கொண்டது. கலியமூர்த்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், ஓரமா நில்லுங்க. தூசி பறக்கும்."

லாரி போய்விட்டது. கூட்ஸ் ஷெட் வரை போய்த் திரும்பியதாகவும், முன்னால் ரொம்பத்தான் குலுங்குகிறது என்று அந்தம்மா சொன்னதாகவும் வளர்மதி போனில் சரோஜாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரோஜாவிடம் கலியமூர்த்தி சொன்னதை அப்படியே சொல்லி, "இதைக் கோவமா எடுத்துக்கறதா, அக்கறையா எடுத்துக்கறதா?" என்று கேட்டேன்.

"ஓரமா நின்னீங்கள்ல?"

"நின்னேன்."

"அப்புறம் என்ன? சாப்புட வாங்க" என்றாள்.